துவைச்சு முடிஞ்சதா, இல்லையா? – விடுதிச் சலவை அறையில் நான் கற்ற எலக்ட்ரானிக்ஸ் பாடம்

மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, ராக்கெட் பற்றியோ ரோபோ பற்றியோ எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மூன்று வருடத்தில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது நம் விடுதியின் கீழ்த்தளத்தில் இருக்கும் சலவை அறைதான். அங்கே ஒரு பெட்டி செய்து மாட்டினேன். அது முதலில் பொய் சொன்னது. ஏன் சொன்னது, எப்படித் திருத்தினோம் என்பதே இக்கட்டுரை. படிக்கிறவர்கள் தங்கள் விடுதியில் இதைச் செய்து பார்க்கவேண்டும் என்ற ஆசையில், கணக்கோடும் பாகங்களின் பெயரோடும் எழுதுகிறேன்.

பிரச்சினை என்ன?

எனக்குச் சொந்த ஊர் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம். எங்கள் ஊரில் துணி என்றால் ஓடை, கல், அம்மாவின் கை, அவ்வளவுதான். ஓடையில் யார் துவைக்கிறார்கள், எந்தக் கல் காலி என்பது மேட்டில் நின்று பார்த்தாலே தெரியும். விடுதிக்கு வந்த பிறகுதான் வாஷிங் மெஷினைத் தொட்டேன். இரண்டே மெஷின், அறுபது பேர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வாளியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கவேண்டும். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். மறுபடி ஏறவேண்டும். அரை மணி கழித்து இறங்கினால் வேறொருவன் போட்டிருப்பான்.

"மெஷின் காலியான்னு பாத்துட்டுப் பாத்துட்டுப் போறதே வேலையாப் போச்சு மச்சான், இதுக்கு ஆத்துலயே தொவைச்சுடலாம்" என்பான் என் அறை நண்பன். இதைவிட மோசம், முடிந்த துணியை எடுக்க ஆள் வராமல் மெஷின் சும்மா கிடப்பது. அடுத்தவன் பொறுமை இழந்து ஈரத்துணியை எடுத்துத் தரையில் போடுவான். அதற்கு ஒரு சண்டை.

ஆக, தெரியவேண்டியது மூன்றே விஷயம். மெஷின் காலியா? ஓடுகிறதா? முடிந்து துணி உள்ளேயே இருக்கிறதா? மூன்று மாடி இறங்காமல் இது தெரிந்தால் பாதிச் சண்டை தீரும்.

நமக்கு முன்னால் செய்தவர்கள்

இது புது யோசனை அல்ல. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில், 1982 வாக்கில், கணிப்பொறித் துறை மாணவர்கள் தங்கள் கோக் மெஷினையே கணிப்பொறியோடு இணைத்தார்கள். மாடி இறங்கிப் போனால் பாட்டில் இருக்காது, இருந்தாலும் சில்லென்று இருக்காது என்ற எரிச்சல்தான் காரணம். அந்த மெஷினில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு விளக்கு உண்டு. பாட்டில் எடுத்தால் சில விநாடி எரிந்து அணையும். வரிசை காலியானால் எரிந்துகொண்டே இருக்கும். இந்த விளக்குகளைக் கவனித்தே எந்த வரிசையில் பாட்டில் இருக்கிறது, நிரப்பி எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கணக்கிட்டார்கள்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணிப்பொறி ஆய்வகத்தில் 1991ல் காபி ஜாடிக்கு எதிரே ஒரு கேமரா வைத்தார்கள். 128க்கு 128 புள்ளி கொண்ட கறுப்பு வெள்ளைப் படம். காபி இருக்கிறதா என்று இடத்தில் உட்கார்ந்தே பார்த்துக்கொள்ளலாம். 1993ல் அந்தப் படம் உலக இணையத்துக்கு வந்தது. 2001 ஆகஸ்ட் 22ல் நிறுத்தும்வரை உலகமே அந்த ஜாடியைப் பார்த்தது. இன்று அமெரிக்கக் கல்லூரி விடுதிகளில் எந்த மெஷின் காலி என்று காட்டும் சேவையைக் கம்பெனிகளே நடத்துகின்றன.

நம் ஆட்களுக்கும் பொதுச் சலவை புதிதல்ல. கொச்சிக் கோட்டையில் உள்ள தோபி கானாவில் தமிழ்ச் சலவைத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறையாகப் பக்கம் பக்கமாக நின்று துவைக்கின்றன. சிங்கப்பூரில் ஒரு ரயில் நிலையத்தின் பெயரே தோபி காட். பல வீட்டுத் துணி ஒன்றாகக் கலந்தாலும் மாறிப்போகாமல் இருக்க அவர்கள் போட்ட சலவைக் குறி இருக்கிறதே, இன்றைய பார்கோடுக்கு அது பெரியப்பா முறை. பொது இடத்தில் எது யாருடையது, யார் முறை என்ற கேள்விக்கு அவர்கள் எப்போதோ விடை கண்டுவிட்டார்கள்.

முதல் பெட்டி

முதல் விதி: மெஷினைத் திறக்கக்கூடாது. வாரண்டி போகும், ஷாக்கும் அடிக்கும். வெளியிலிருந்தே கண்டுபிடிக்கவேண்டும். மெஷின் ஓடினால் மின்னோட்டம் இழுக்கும். 400 வாட் மோட்டார் என்றால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 1.7 ஆம்பியர். பவர் ஃபேக்டரைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். அதை அளந்தால் போதும் என்று நினைத்தேன்.

இதற்கு எஸ்.சி.டி.–013 வகை கிளாம்ப் சென்சார் ஏற்றது. ஒயரை வெட்டாமல் சுற்றிக் கவ்வும் சிறிய கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் அது. 5 ஆம்பியருக்கு 1 வோல்ட் தரும் மாடலை வாங்கினேன். (தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர் உள்ள மெஷின் 2000 வாட் வரை, அதாவது 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அதற்கு 30 ஆம்பியர் மாடல் வேண்டும்.)

கிளாம்பை மெஷின் ஒயர் மீது மாட்டினேன். மெஷின் கடகடவென்று ஓடுகிறது, ரீடிங் பூஜ்யம்! ஒரு நாள் முழுக்க புரோகிராமைக் குடைந்தேன். கடைசியில் லேப் அசிஸ்டெண்ட் அண்ணன் வந்து பார்த்துச் சிரித்தார். "தம்பி, ஃபேஸ்ல போற கரண்ட்டே நியூட்ரல்ல திரும்பி வருது. ரெண்டையும் சேத்துக் கவ்வினா ஒண்ணை ஒண்ணு அடிச்சிக்கும். முதல் செமஸ்டர்ல படிச்சதுதானே?" படித்ததுதான். பரீட்சைக்கு எழுதிய விஷயம், கையில் வந்தபோது ஞாபகத்துக்கு வரவில்லை. பிறகு விடுதி எலக்ட்ரீஷியனைக் கொண்டு, ஃபேஸ் ஒயர் தனியாகப் போகும்படி ஒரு பிளக் பாக்ஸ் செய்து அதற்குள் கிளாம்பை வைத்தோம்.

மூளையாக இ.எஸ்.பி.32 போர்டு. இதன் அனலாக் பின்கள் 0 முதல் 3.3 வோல்ட் வரைதான் படிக்கும். ஏ.சி. அலையோ பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும். எனவே இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் ஒரு 10 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரும் போட்டு, அலையின் நடுக்கோட்டை 1.65 வோல்ட்டுக்குத் தூக்கவேண்டும். விநாடிக்கு ஆயிரம் தடவை அளந்தால், 50 ஹெர்ட்ஸில் ஒரு அலைக்கு 20 அளவு கிடைக்கும். பத்து அலைக்கு 200 அளவு. சராசரியைக் கழித்து, வர்க்கம் எடுத்து, கூட்டி, 200ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் ஆர்.எம்.எஸ். மதிப்பு வந்துவிடும். இன்னொரு குறிப்பு: வைஃபை ஓடும்போது இந்தப் போர்டில் ஏ.டி.சி.–2 பின்கள் வேலை செய்யாது. 32 முதல் 39 வரை உள்ள ஏ.டி.சி.–1 பின்களில்தான் இணைக்கவேண்டும். இது தெரியாமல் எனக்கு ஒரு சாயங்காலம் போயிற்று.

என் விதி எளிமையானது. 0.3 ஆம்பியருக்கு மேல் போனால் 'ஓடுகிறது'. ஐந்து நிமிடம் தொடர்ந்து அதற்குக் கீழே இருந்தால் 'முடிந்தது'. விடுதி வைஃபையில் ஒரு சின்னப் பக்கம். போனில் திறந்தால் சிவப்பு அல்லது பச்சை. முதல் வாரம் எல்லோரும் கைகுலுக்கினார்கள். நான் தரையில் நடக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை

கோடை தொடங்கியிருந்தது. மாடித் தொட்டியில் தண்ணீர் குறைவு. மறுநாள் முதலாண்டு மாணவர்களுக்குச் செய்முறைத் தேர்வு. இரவு ஒன்பது மணிக்கு என் போனில் இரண்டாம் மெஷின் பச்சையாக மாறியது. எங்கள் மாடிப் பையன் ஒருவன், "உள்ள யாரோ துணி இருக்குது, எடுக்கலாமா?" என்று கேட்டான். "பச்சைன்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம்டா, எடுத்து வாளில போட்டுட்டு உன்னோடத போடு" என்று நான்தான் சொன்னேன்.

துணி முடிந்திருக்கவில்லை. சோப்புத் தண்ணீர் வடிந்து, அலசுவதற்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தது மெஷின். தண்ணீர் பிடிக்கும்போது மோட்டார் ஓடாது. வால்வு மட்டும் திறந்திருக்கும். அது இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. தொட்டி நிறைந்திருக்கும் நாளில் மூன்று நிமிடத்தில் நிரம்பும். அன்று தண்ணீர் நூலாக வந்தது. ஐந்து நிமிடம் தாண்டியது. என் பெட்டி 'முடிந்தது' என்று சொல்லிவிட்டது.

அந்தத் துணி முதலாண்டுத் தம்பி ஒருவனுடையது. அவனும் எங்கள் மலைக்காரன். ஒரே ஒரு செட் யூனிஃபார்ம். அவனிடம் இருந்தது பட்டன் போன். அந்தச் சிவப்பு பச்சைப் பக்கத்தை அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. காலை ஐந்து மணிக்கு வந்து பார்த்தால் துணி சோப்போடு வாளியில். குழாயில் தண்ணீர் இல்லை. குடிக்க வைத்திருந்த தண்ணீரில் அலசி, பிழிந்து, ஈரத்தோடு போட்டுக்கொண்டு தேர்வுக்குப் போனான்.

சாயங்காலம் அவனைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அவன் கோபப்படவில்லை. "அண்ணா, பெட்டி தப்பா சொல்லுச்சா, இல்ல நீங்க தப்பா சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டான்.

நண்பர்களே, எனக்குப் பதில் வரவில்லை. பெட்டிக்குத் தெரிந்தது 'கரண்ட் குறைந்திருக்கிறது' என்பது மட்டுமே. அதை 'முடிந்துவிட்டது' என்று மொழிபெயர்த்தது நான். அளப்பது வேறு, அர்த்தம் சொல்வது வேறு. அர்த்தம் தப்பாகப் போனால் யார் தலையில் விடியும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. கையில் ஸ்மார்ட்போன் உள்ளவனுக்கு வசதி, இல்லாதவன் தலையில் துணி. இதுதான் என் முதல் 'ஸ்மார்ட்' கருவி செய்த சாதனை.

இரண்டாம் பெட்டி

இம்முறை நானும் அந்தத் தம்பியும் சேர்ந்தே உட்கார்ந்தோம். முதல் வேலை, புரோகிராம் எழுதுவதல்ல. ஒரு முழுச் சலவையை ஆரம்பம் முதல் கடைசிவரை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, நிமிடவாரியாக நோட்டில் எழுதினோம். துவைக்கும்போது மோட்டார் சில விநாடி ஓடி, சில விநாடி நின்று, திசை மாறி ஓடும். பிழியும்போது தொடர்ந்து ஓடும். தண்ணீர் வெளியேற்றும் பம்ப் மிகக் குறைவாக இழுக்கும், எங்கள் 0.3 ஆம்பியர் கோட்டை அது தொடாது. இவற்றையெல்லாம் எழுதும்போது தம்பி ஒன்றைக் கவனித்தான். "அண்ணா, முடிஞ்சதும் மெஷின்ல இருக்கிற லைட்டு எல்லாம் தானா அணைஞ்சுடுது பாருங்க."

அதுதான் விடை! 1982ல் கோக் மெஷின்காரர்கள் செய்ததும் இதுவே. மெஷின் தன் நிலையைத் தானே விளக்கால் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதை நாம் படித்தால் போதும். பவர் விளக்கின் மேல் ஒரு எல்.டி.ஆரை வைத்துக் கறுப்பு டேப்பால் மூடினோம். (உங்கள் மெஷினில் எந்த விளக்கு எப்போது அணைகிறது என்று நீங்களே பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.)

ஆனால் நம் ஊரில் விளக்கு அணைய இன்னொரு காரணமும் உண்டு: கரண்ட் கட். எனவே பெட்டியை ஒரு சிறிய பேட்டரியில் ஓடவிட்டு, அதே லைனில் ஒரு போன் சார்ஜரைச் செருகி, அதன் 5 வோல்ட்டை இரண்டு ரெசிஸ்டரால் பாதியாக்கி இன்னொரு பின்னுக்குக் கொடுத்தோம். அது பூஜ்யமானால் கரண்ட் இல்லை என்று பொருள். மெஷின் மூடியில் ஒரு காந்தமும் ரீட் சுவிட்சும் வைத்தோம். மூடி திறந்ததா என்பதை அது சொல்லும்.

இப்போது விதிகள் இவை:

1. ஓடுகிறது (சிவப்பு): விளக்கு எரிகிறது, மின்னோட்டம் ஒருமுறையாவது 0.3 ஆம்பியரைத் தாண்டியிருக்கிறது. இடையில் எவ்வளவு நேரம் சும்மா இருந்தாலும் சிவப்புதான்.

2. முடிந்தது, துணி உள்ளே (மஞ்சள்): மூன்றும் சேர்ந்து நடக்கவேண்டும். லைனில் கரண்ட் இருக்கவேண்டும். விளக்கு ஒரு நிமிடமாக அணைந்திருக்கவேண்டும். அதற்கு முந்தைய பத்து நிமிடத்துக்குள், இரண்டு நிமிடத்துக்குக் குறையாத தொடர் ஓட்டம், அதாவது பிழிதல், நடந்திருக்கவேண்டும்.

3. காலி (பச்சை): மஞ்சளுக்குப் பிறகு மூடி திறந்தால் மட்டும்.

4. தெரியவில்லை (சிவப்பு மினுக்கல்): மேலே சொன்ன எதிலும் சேராத எல்லாமே. கரண்ட் போனது, யாரோ பாதியில் அணைத்தது, கரண்ட் வந்தும் மெஷின் தொடராதது. 'ஒரு ஆள் போய்ப் பார்க்கவும்' என்று அர்த்தம்.

நான்காவதுதான் முக்கியம். முதல் பெட்டிக்குத் 'தெரியாது' என்று சொல்லத் தெரியாது. அதனால்தான் பொய் சொன்னது. சந்தேகம் வந்தால் 'முடிந்தது' என்று சொல்லவே கூடாது. பத்து நிமிடம் தாமதமாகச் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. முன்கூட்டிச் சொன்னால் ஒருவனுக்குத் தேர்வு போகலாம்.

அடுத்தது, யாரிடம் சொல்வது? போன் பக்கத்தை எடுத்துவிட்டோம். ஒவ்வொரு மாடிப் படிக்கட்டிலும் ஒரு விளக்குப் பெட்டி. அதற்குள் இ.எஸ்.பி.8266 போர்டு. கீழே இருக்கும் பெட்டி, ஈ.எஸ்.பி.–நவ் என்ற முறையில், வைஃபை ரவுட்டரோ இன்டர்நெட்டோ இல்லாமல் நேரடியாக இவற்றுக்குச் செய்தி அனுப்பும். போன் இருப்பவன், இல்லாதவன், எல்லோருக்கும் ஒரே விளக்கு. சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்களும் நம்மிடையே உண்டு. ஆகவே மேலே சிவப்பு, நடுவில் மஞ்சள், கீழே பச்சை என்று இடத்தை வைத்தும் தெரியும்படி செய்து, தமிழில் எழுதி ஒட்டினோம். யார் துணி என்று பெட்டி கேட்பதும் இல்லை, சேமிப்பதும் இல்லை. அது யாருக்கும் தெரியவேண்டிய விஷயமல்ல.

பத்து மெஷின், நான்கு விடுதி என்று பெரிதானால் எம்.க்யூ.டி.டி. என்ற செய்தி முறையைப் பயன்படுத்தலாம். எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க, குறைந்த தகவலில் வேலை முடியவேண்டும் என்பதற்காக 1999ல் உருவானது அது. இரண்டு மெஷினுக்கு அவ்வளவு தேவையில்லை.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. சலவை அறை ஈரமான இடம். எர்த் சரியாக இருக்கவேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கவேண்டும். 230 வோல்ட் பக்கத்தை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் தொடவேண்டும். பெட்டி பிளாஸ்டிக்காக, தண்ணீர் தெறிக்காத உயரத்தில் இருக்கவேண்டும். உயிரைவிட புராஜெக்ட் மார்க் பெரிதல்ல.

பெட்டியால் முடியாதது

பெட்டி 'எப்போது' என்று சொல்லும். 'யார் முறை' என்று சொல்லாது. அதற்கு நாங்கள் செய்தது எலக்ட்ரானிக்ஸ் அல்ல. எண் போட்ட பன்னிரண்டு பிளாஸ்டிக் வில்லைகள், ஒரு ஆணி. வந்தவன் வில்லை எடுக்கிறான். மஞ்சள் எரிந்து பத்து நிமிடம் ஆகியும் ஆள் வராவிட்டால் அடுத்த எண்காரன் துணியை எடுக்கலாம். ஆனால் வாளியில்தான் வைக்கவேண்டும், அந்த எண் வில்லையையும் மேலே வைக்கவேண்டும். இதை விடுதிக் கூட்டத்தில் எல்லோரும் பேசித்தான் முடிவு செய்தோம். ஊர் கூடித்தானே தேர் இழுக்கவேண்டும்.

மலைக்கு இது போகுமா?

கள்ளக்குறிச்சி 2019ல் தனி மாவட்டம் ஆனது. கல்வராயன் மலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே படித்துத்தான் என்னைப் போன்றவர்கள் கீழே வந்தோம். இந்தப் பெட்டியை அங்கே கொண்டுபோய் மாட்டலாமா என்று தம்பியிடம் கேட்டேன். "அண்ணா, அங்க மெஷின் காலியான்னு யாருக்கு வேணும்? தொட்டில தண்ணி இருக்கா, ஏறுதான்னு தெரிஞ்சா போதும்" என்றான்.

அவன் சொன்னது சரி. மலையில் பல இடங்களில் போன் சிக்னலே எட்டாது. அங்கே ஏற்றது லோரா ரேடியோ. நம் நாட்டில் 865 முதல் 868 மெகா ஹெர்ட்ஸ் வரை, வரையறுத்த திறனுக்குள், லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம். மிகக் குறைந்த மின்சாரத்தில் சிறிய செய்தியை நெடுந்தூரம் அனுப்பும். மேட்டில் உள்ள தொட்டியில் ஒரு மிதவை சுவிட்ச், கீழே பள்ளியில் ஒரு விளக்கு. 'தண்ணீர் இருக்கிறது', 'குறைகிறது', 'தெரியவில்லை' என மூன்றே நிலை. குன்று குறுக்கே நின்றால் ரேடியோ அலை தடுமாறும். ஆகவே இடத்தை நேரில் போய்ப் பார்க்காமல் பாகம் வாங்கக்கூடாது. வரும் விடுமுறையில் நாங்கள் இருவரும் போவதாக இருக்கிறோம்.

முடிவாக

பெட்டியின் பக்கத்தில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். மேலே 'பொய் நோட்டு' என்று எழுதியிருக்கும். விளக்கு எப்போது தப்பாகச் சொன்னாலும் தேதி, மணி போட்டு அதில் எழுதவேண்டும். திட்டி எழுதினாலும் பரவாயில்லை. கடைசியாக எழுதியிருப்பது: "டேப்புக்குள்ள எறும்பு பூந்து எல்.டி.ஆரை மறைச்சிடுச்சு. சிவப்பு மினுக்கிச்சு. போய்ப் பாத்தேன். சரி பண்ணிட்டேன்." கையெழுத்து அந்தத் தம்பியுடையது. இப்போது பெட்டியின் பொறுப்பு அவனிடம்தான்.

இந்த வருடத்தோடு நான் போகிறேன். அடுத்து வருகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். எந்தக் கருவி செய்தாலும், அது தப்பினால் யார் ஈரத்துணியோடு நிற்பார்கள் என்று முதலில் கேளுங்கள். அவரையே பக்கத்தில் உட்காரவைத்துச் சோதனை செய்யுங்கள். நோட்டைக் கழற்றிவிடாதீர்கள்.